பிரசவ அறையின் சைக்கிள் மணி

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகள் நாலு பேர் சேர்ந்து நடத்திய பிரசவ ஆஸ்பத்திரியில், பிரசவ அறை ஜன்னல் கம்பியில் ஒரு சைக்கிள் மணி முடுக்கி மாட்டியிருந்தது. கேட்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் அதை அங்கே மாட்டியவள் சிஸ்டர் முத்துமாரியம்மாள். அவள் காதுபட சிரிக்கிற தைரியம் அந்தக் காம்பவுண்டுக்குள் யாருக்கும் கிடையாது.

வருஷத்துக்கு எட்டுப் பெண்கள் அங்கே நர்சு வேலை படிக்க வருவார்கள். படிப்பை முடித்து அங்கேயே வேலைக்கு நின்றவர்கள் மூன்று பேர். யாராக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான். பிரசவம் கொஞ்சம் முரண்டினால் மணியை அடிக்கவேண்டும், பத்தடி தள்ளி வீட்டில் இருக்கும் சிஸ்டர் வந்துவிடுவாள். பதினோரு வருஷமாக வந்தாள். பாதிக் குளியலில் வந்தாள், வாயில் போட்ட தோசையோடு வந்தாள். அக்கா மகள் கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை கட்டிக் கிளம்பியவள் மணிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். கடம்பூரில் கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்றாம் பந்தி நடந்துகொண்டிருந்தது.

அறைக்குள் நுழைந்ததும் அவள் சொல்வது ஒரே வார்த்தைதான். "தள்ளுட்டி, நான் பாக்கேன்."

நர்சுப் பிள்ளைகள் ஒதுங்கிக்கொள்வார்கள். அவள் கை பட்டால் தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. பிறகு என்ன குறை?

குறை எழுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் ஒரு கடுதாசியாக வந்தது. காலையும் சாயங்காலமும் வந்து போகிற டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"மதுரையில ஆறு மாசப் படிப்புக்கு உங்களுக்கு இடம் கிடைச்சிருக்கு சிஸ்டர். முடிச்சிட்டு வந்தா நீங்க இங்க நர்சுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ற பெரிய சிஸ்டர். ராத்திரி பகல்னு ஓடவேண்டாம். நாப்பத்தஞ்சு வயசு ஆயிட்டா எடுக்கமாட்டாங்க. உங்களுக்கு வர்ற தையில நாப்பத்தஞ்சு."

மூன்று தடவை எழுதிப்போட்டுக் கிடைக்காத இடம். சிஸ்டர் கடுதாசியை வாங்கித் தானே ஒரு தடவை படித்துப் பார்த்தாள்.

"ஆனா ஒண்ணு" என்றார் டாக்டரம்மா. "நான் இல்லாத நேரத்துல இந்த அறையைப் பொறுப்பா பார்த்துக்க ஒரு பேர் வேணும். 'இவ செய்வா'ன்னு நீங்க கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. பேர் இல்லேன்னா நான் உங்களை அனுப்ப முடியாது."

மத்தியானம் கை கழுவுகிற தொட்டியடியில் பிள்ளைகளைக் கூட்டி விஷயத்தைச் சொன்னாள். எல்லோரும் ஒரே மூச்சில் பதறினார்கள். "ஐயோ சிஸ்டர், நீங்க இல்லாம எங்களால முடியாது!"

இதே பேச்சைப் போன வருஷம் கேட்டிருந்தால் உச்சி குளிர்ந்திருக்கும். அன்றைக்கு நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. முழங்கால் வீங்கி ஒரு வருஷமாகிறது, யாரிடமும் சொன்னதில்லை. களைப்பு என்பது தூங்கி எழுந்தால் போகிற சமாசாரம் என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது அவள் எழுந்திருக்கும்போதே அதுவும் கூடவே எழுந்துகொண்டது.

இருக்கிறவர்களில் ஆவுடைத்தாய் தேவலை. கயத்தாற்றுப் பக்கத்துப் பெண், படிப்பை முடித்து இரண்டு வருஷமாக அங்கேயே வேலை. நிதானமான கை. இனி இவள்தான் முன்னால் நிற்கவேண்டும், நாம் பின்னால் நிற்போம் என்று சிஸ்டர் முடிவெடுத்தாள்.

முடிவெடுப்பதில் என்ன சிரமம்? நிற்பதில்தான் இருந்தது. முதல் பிரசவத்தில் தலை தெரிந்ததுமே சிஸ்டர் கை தன்னால் நீண்டுவிட்டது. இரண்டாவதில் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அப்போதும் கடைசி நேரத்தில் வாய் முந்திக்கொண்டது. "தள்ளுட்டி, நான் பாக்கேன்." மூன்றாவதும் அதே கதைதான்.

மூன்றாவது பிள்ளையைத் துடைத்துத் தாயிடம் கொடுத்துவிட்டு வந்த ஆவுடைத்தாய், கண்ணில் நீர் முட்ட நின்றாள்.

"கோவிச்சுக்கிடாதீங்க சிஸ்டர். நான் இங்க வந்து நாலு வருசம் ஆச்சு. இருநூறு பிரசவத்துக்குக் கூட நின்னிருக்கேன். முரண்டின கேசு ஒண்ணையாவது நான் முடிச்சிருக்கேனா? நீங்க முடிக்க விட்டீங்களா? இப்ப வந்து ஏன் தெரியலன்னா நான் என்ன செய்ய?"

வேறொரு நாளாக இருந்தால் அந்த வாய்க்கு ஒரு வாரம் பாத்திரம் கழுவ விட்டிருப்பாள். அன்றைக்கு நேரே வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். இத்தனை நர்சுப் பிள்ளைகளில் ஒருத்தியையும் ஆளாக்கவில்லையே என்று வெகுநேரம் வருத்தமாக இருந்தது. கோபம் வேறு வந்தது, அதை யார் மேல் போடுவது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் காலையில் வாட்ச்மேன் மாடக்கண்ணுவிடம் ஸ்பேனர் வாங்கி, சைக்கிள் மணியைக் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். மணி இருந்த இடத்தில் ஜன்னல் கம்பி மட்டும் துருவில்லாமல் பளபளத்தது.

பத்து மணிக்கு ஆறுமுகத்தாய் என்ற பெண்ணைக் கூட்டிவந்தார்கள். தீப்பெட்டி ஆபீசில் குச்சிகளைக் கட்டையில் அடுக்குகிறவள், தலைப்பிரசவம். முந்தின நாள் மழைச் சகதியில் வண்டி பாதியிலேயே சிக்கிக்கொள்ள, கடைசி அரை மைல் நடத்தியே கூட்டிவந்திருந்தார்கள். காலில் அப்பியிருந்த கரிசல் சேற்றைக் கழுவவே இரண்டு வாளித் தண்ணீர் ஆனது.

"நீ பாரு" என்றாள் சிஸ்டர். "நான் வெளியில இருக்கேன்."

"வெளியிலயா?"

"உள்ள நின்னா என் கை சும்மா இருக்காதுட்டி."

வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். உள்ளே ஆறுமுகத்தாயின் முனகல் கேட்டது. ஆவுடைத்தாயின் குரலும், முதல் வருஷத்துப் பெண் சுடலையம்மாள் கிண்ணத்தை உருட்டிய சத்தமும் கேட்டன. ஒரு மணி நேரம் ஓடியது. பிறகு முனகல் அலறலானது.

"சுடலை, கொடி கழுத்துல சுத்தியிருக்கு. கிளாம்ப் எடு. ரெண்டு" என்ற ஆவுடைத்தாயின் குரல் கேட்டது.

சிஸ்டர் எழுந்துவிட்டாள். முழங்கால் வலி எங்கே போனதோ தெரியவில்லை. கதவைத் தள்ளினாள், திறக்கவில்லை. ஆவுடைத்தாய் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தாள்.

பதினோரு வருஷத்தில் அந்தக் கதவு அவளுக்கு மூடியதில்லை. தட்டக் கையை ஓங்கினாள். உள்ளே இருப்பது இரண்டே பேர், தட்டினால் ஒருத்தி கைவேலையை விட்டுவிட்டுத் திறக்க வரவேண்டும். ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது. தட்டாமல் நிற்பதுதான் தன் ஆயுளிலேயே கஷ்டமான வேலை என்று அவளுக்குத் தோன்றியது.

அலறல் நின்றது. பிள்ளையின் சத்தம் வரவில்லை.

"சளியை உறிஞ்சியாச்சு. துணியை வச்சு முதுகைத் தேய்ச்சு விடுதேன். நீ பயப்படாதே தாயி, இந்தா வந்துரும்." பதறாத குரல். இவளுக்கு இந்தக் குரல் எப்போது வந்தது? சிஸ்டர் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். அழு, அழுதுவிடு என்று கதவிடம் கெஞ்சினாள்.

கடைசியில் ஒரு வீல்.

அதற்குமேல் நிற்க முடியாமல், கதவோரம் தரையிலேயே சரிந்து உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தாழ்ப்பாளைத் திறந்த ஆவுடைத்தாய் கீழே கிடந்தவளைப் பார்த்துப் பயந்துபோனாள். "சிஸ்டர், என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல. கால் வலிக்கி" என்றாள் சிஸ்டர். அதை அவள் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் சிஸ்டர், டாக்டரம்மாவின் மேஜையில் ஆவுடைத்தாய் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு மதுரை பஸ். பெட்டியை வராந்தாவில் வைத்துவிட்டு, சொல்லிக்கொண்டு போகலாம் என்று அறைப் பக்கம் போனாள். பிரசவம் ஒன்றும் இல்லை. விடியற்காலையில் பிறந்த பிள்ளையைச் சுடலையம்மாள் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை கை நழுவப் பார்த்தது, அவள் சுதாரித்துப் பிடிப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தள்ளுட்டி, நான் பாக்கேன்."

ஆவுடைத்தாய். அதே வேகம், அதே அதட்டல். சுடலையம்மாள் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, ஈரக் கையோடு சுவரோரம் ஒதுங்கினாள். அந்த நிற்பைச் சிஸ்டருக்கு நன்றாகத் தெரியும். பதினோரு வருஷமாக அந்தச் சுவரோரம் பிள்ளைகள் அப்படித்தான் நின்றார்கள்.

ஆவுடைத்தாய் சிஸ்டரைப் பார்த்து முகம் மலர்ந்தாள். "கவலையில்லாமப் போயிட்டு வாங்க சிஸ்டர். எல்லாத்தையும் நானே பாத்துக்கிடுதேன். இவளுகளை நம்பி ஒண்ணும் விடமாட்டேன்."

சிஸ்டருக்குக் கோபிக்கத் தெம்பில்லை. யாரைச் சொல்லிக் கோபிப்பது? தான் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று, அதை இவள் ஒழுங்காகப் படித்திருக்கிறாள்.

"ஆவுடை, பிள்ளையைச் சுடலைகிட்ட கொடு. என் பெட்டியைத் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வா."

"பாதிக் குளிப்பாட்டுல இருக்கு சிஸ்டர். அவளுக்குப் பிடிக்கத் தெரியல."

"பிடிச்சாத்தான் தெரியும். கொடு."

சுடலையம்மாள் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். கழுத்தடியில் ஒரு கையைக் கொடுத்து, மற்றக் கையால் தண்ணீரை மொண்டாள்.

ஆவுடைத்தாய் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். மூன்றடிக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பினாள். தெரு முக்கு வருவதற்குள் சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவேண்டும் என்று சிஸ்டருக்கும்தான் இருந்தது.