பெரிய தலை

…ஏறாதுதான், எப்படி ஏறும், காதுக்கு மேலே நாலு விரல் உயரத்திலேயே நின்றுகொண்டு இதற்குமேல் இறங்க மாட்டேன் என்கிறது, இவள் மெல்ல இழுத்துவிட்டால் ஒரு நொடி பொறுத்துவிட்டு மறுபடி எகிறி உச்சந்தலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது, பாட்டில் மூடி மாதிரி, அதைப் பார்த்து இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்பா, ஆமாம் சிரிப்புதான், பத்து நாளாகச் சிரிப்பையே மறந்திருந்த வாய் இன்றைக்கு ஒரு தொப்பியைப் பார்த்துச் சிரிக்கிறது. பிள்ளை அசையவில்லை, பால் குடித்த மயக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான், அஞ்சு மாதத்துப் பிள்ளைக்கு இத்தனை பெரிய நிம்மதியா, இருக்கட்டும், அவனுக்கென்ன, கவலைப்பட்டதெல்லாம் நாமல்லவா. எண்பது கண்ணி. எண்பது கண்ணி ஏற்றினால் இந்தத் தலைக்கு எப்படிப் போதும், ஊசியில் கம்பளி ஏற்றத் தெரிந்த யாரும் சொல்லிவிடுவார்கள், இவளுக்குத் தெரியாதா, பதினாறு வயதிலிருந்து பின்னுகிறவள், கண்ணால் பார்த்தே அளவு சொல்லுகிறவள், பெற்ற பிள்ளையின் தலைக்குப் பின்னத் தெரியாமல் போய்விட்டதாம்… தெரியாமல் போகவில்லை. நோட்டில் நாற்பத்தாறு சென்டிமீட்டர் என்று எழுத வேண்டிய இடத்தில் கை நாற்பத்திரண்டு என்று எழுதியது, நாற்பத்திரண்டு யாருடைய தலை, ஆஸ்பத்திரி அட்டையில் நடுவில் போகிற கோட்டின் தலை, ஊரில் இருக்கிற மற்ற பிள்ளைகளின் தலை, அந்தக் கோட்டுக்குத்தான் இவள் ராத்திரி பகலாகத் தொப்பி பின்னியிருக்கிறாள்.

அந்த அட்டையும் கோடும் யாருக்கு வேண்டும், ஊசி போடத்தானே போனோம் முதலில். டாக்டரம்மா நிதானமான மனுஷி, டேப்பைத் தலையைச் சுற்றிப் பிடித்தார், எழுதினார், மறுபடி பிடித்தார், அந்த மறுபடியில்தான் இவள் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், ஒரே தலையை ஏன் இரண்டு தரம் அளக்க வேண்டும். மேல் கோட்டையும் தாண்டி வெளியே ஒரு புள்ளி வைத்தார், மூன்று வாரம் கழித்து வாங்க என்றார், போனால் இன்னும் மேலே ஒரு புள்ளி, தலைக்குள்ளே தண்ணி கிண்ணி சேர்ந்திருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுவோம், பயப்படாதீங்க என்றார், பயப்படாதீங்க என்று ஒரு டாக்டர் சொன்னால் அப்புறம் யார் பயப்படாமல் இருப்பார்கள். ஸ்கேனுக்குப் பத்து நாள் தள்ளித் தேதி கிடைத்தது. அதோடு விட்டாரா, எழுந்திருக்கும்போது கேட்டார், கர்ப்பமா இருக்கும்போது காய்ச்சல், வழுக்கி விழுந்தது, அந்த மாதிரி ஏதாவது உண்டா? இல்லை, என்றாள் இவள். பட்டென்று. பக்கத்தில் கணவன் உட்கார்ந்திருந்தான், அவனும் இல்லை என்று தலையாட்டினான், பாவம், அவனுக்கு என்ன தெரியும், அவன் லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், ஏழாம் மாத வயிற்றோடு முக்காலி போட்டு ஏறிப் பரண்மேல் இருந்த கம்பளி நூல் பையை எடுக்கப் போய், முக்காலி ஒரு பக்கம் இவள் ஒரு பக்கம்… வலிக்கவில்லை. இடுப்பில் ஒரு நீலம் மட்டும், அதுவும் நாலு நாளில் போய்விட்டது. பிள்ளை உள்ளே வழக்கம்போல உதைத்தான். சொன்னால் திட்டுவார்கள் என்று சொல்லவில்லை, இவ்வளவுதான் விஷயம், அப்புறம் அதைச் சொல்ல ஒரு நாளும் வாய்க்கவில்லை. அந்த நூல் பைதான் இந்த நூல் பை, அதிலிருந்துதான் இப்போது செங்கல் நிறக் கண்டு ஒன்று உருண்டு கட்டிலுக்கு அடியில் போகிறது, ஓடு ஓடு, எங்கே ஓடினாலும் நுனி என் கையில்தானே இருக்கிறது.

சும்மா உட்கார்ந்து அந்தப் பத்து நாளை ஓட்ட முடியுமா, தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பாள், அதனால்தான் தொப்பி. குளிர் வரப்போகிறது, வீட்டில் அஞ்சு பேர், அஞ்சு பேருக்கும் ஒரே மாதிரி என்று அறிவித்துவிட்டாள், யாரும் கேட்கவில்லை, யாரும் வேண்டாமென்றும் சொல்லவில்லை, அந்த நாட்களில் இவள் எதைச் சொன்னாலும் சரி சரி என்றார்கள். டிசைன் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சிரிப்பார்கள், சமையலறையில் காலியாகக் கிடந்த முட்டை அட்டையிலிருந்து வந்தது, ஒரு மேடு ஒரு பள்ளம், ஒரு மேடு ஒரு பள்ளம், அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றவள் அடுப்பில் பால் பொங்கியதைக் கூடப் பார்க்கவில்லை. நாலு கண்ணி மேடு, நாலு கண்ணி பள்ளம், நாலு வரிசை போனதும் மேடு பள்ளமாகும் பள்ளம் மேடாகும், கையில் பிடித்தால் தடிமனாக, இழுத்தால் இழுபட்டு, நல்ல டிசைன்தான், தானே சொல்லிக்கொள்ளக் கூடாது. ஒரு சங்கடம், மொத்தக் கண்ணி எட்டு எட்டாகத்தான் ஏறும், நடுவில் ஒன்றோ இரண்டோ சேர்க்க முடியாது, சேர்த்தால் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் கணக்கு விட்டுப் போகும். அதனால் எல்லார் தலையையும் சரியாக அளக்க வேண்டியிருந்தது. நோட்டில் ஒரு பக்கத்தில் "தலைகள்" என்று எழுதி அடியில் கோடு போட்டாள்.

மாமனார் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார், நாலு வருஷத்தில் அவர் தலையை இவள் மேலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை, அவர் வந்தால் எழுந்து நிற்கிறவள், ஏனென்றால் சம்பந்தம் பேசும்போது இவளுடைய அப்பா பஸ் டெப்போவில் போய் விசாரித்திருக்கிறார், அவரா, அங்கே அவர் பெரிய தலையாச்சே என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அப்பா தலை கால் புரியாமல் வீட்டுக்கு வந்தார், சங்கத்தில் தலைவர் போலிருக்கிறது, ஒரு வார்த்தை சொன்னால் நூறு பஸ் நிற்குமாம், பார்த்துப் பேசும்மா என்றார், இவளும் பார்த்துப் பேசினாள், நாலு வருஷம். டேப் அறுபத்திரண்டில் முட்டியது. இவள் திருப்பி வைத்துப் பார்த்தாள், அறுபத்திரண்டுதான். அவர் கூச்சத்தோடு சிரித்தார், எனக்கு யூனிபாரம் தொப்பியே சேராதும்மா, டெப்போ டெய்லர் பின்னாடி வெட்டி நாடா வெச்சுக் குடுத்தாரு, அதுலதான் பசங்க பெரிய தலை பெரிய தலைன்னு பேரு வெச்சுட்டானுங்க, என்றார். அவ்வளவுதானா! இதற்கா இத்தனை காலம் எழுந்து எழுந்து நின்றோம், என்று இருந்தது இவளுக்கு. கணவன் அறுபத்தொன்று. நாத்தனார், அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள், சின்னதாகத்தான் தெரிவாள், எல்லாம் முடியின் மாயம், அம்பத்தொன்பது. இவள் அம்பத்துநாலு, இந்த வீட்டில் இவள் தலைதான் சுண்டைக்காய். அந்த எண்களைக் கீழே கீழே எழுதும்போதே ஒரு பொறி தட்டத்தான் செய்தது, ஒருவேளை… ஆனால் ஆசைப்பட்டுவிடக் கூடாது, ஆசைப்பட்டு இல்லையென்று ஆகிவிட்டால் அப்புறம் எப்படித் தாங்குவது, முக்காலியை என்ன செய்வது. அதனால் பொறியை அணைத்துவிட்டு அஞ்சாவது பெயருக்கு எதிரே நாற்பத்திரண்டு என்று எழுதினாள்.

இன்று காலையில் அந்த அறை, சுவரில் ஒட்டகச்சிவிங்கி ஒட்டியிருக்கிற அறை, டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், கீழே வைத்தார், நல்லா இருக்கு, பிள்ளைக்கு ஒண்ணுமில்ல, என்றார். கணவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான், ஆறடி மனுஷன், கண்ணைத் துடைக்கக்கூட வெட்கப்படாமல், அப்புறம் ஏன் டாக்டர் இவ்ளோ பெரிசா இருக்கு, என்று கேட்டான். அவர் டேப்பை எடுத்து அவன் தலையைச் சுற்றிப் பிடித்தார், அவனும் பிள்ளை மாதிரி குனிந்து கொடுத்தான், வீட்டில் வேறு யாருக்காவது பெரிய தலை உண்டா என்று கேட்டபோது இவள் கை தானாகப் பைக்குள் போய் நோட்டை எடுத்தது. தலைகள். அறுபத்திரண்டு, அறுபத்தொன்று, அம்பத்தொன்பது. டாக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, பத்து நாளாகக் கையில் வைத்துக்கொண்டு திரிகிறீர்களே இதைத்தானே நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் என்றார், இது நோய் இல்லை, அப்பா வீட்டிலிருந்து இறங்கியிருக்கிற தலை, சில குடும்பத்தில் இப்படித்தான், அடுத்த ஊசிக்கு வரும்போது ஒரு தரம் பார்த்துக்கொள்வோம், அவ்வளவுதான். அப்போது வந்தது பாருங்கள் இவளுக்கு அழுகை, வயிற்றில் பால் வார்த்தது என்பார்களே, அது இப்படித்தானா, மூச்சு எங்கோ அடியிலிருந்து புறப்பட்டு வந்தது, நர்ஸ் தண்ணீர் கொடுத்தாள், கணவன் முதுகைத் தடவினான். டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசி எண்ணைப் பார்த்தார், நாற்பத்திரண்டு. தன் பேனாவால் அதை அடித்துப் பக்கத்தில் நாற்பத்தாறு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரோ ஒரு அம்மாள் பிள்ளையைப் பார்த்து, என்ன மண்டை என்ன மண்டை, பெரிய படிப்புப் படிப்பான் என்றாள், நேற்று அதைச் சொல்லியிருந்தால் இவள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கியிருப்பாள், இன்று அந்த அம்மாளுக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்தாள்.

சரி, உருவு. நுனியைக் கண்டுபிடித்து இழுத்தால் போதும், வரிசை வரிசையாகத் தானே அவிழ்ந்து வருகிறது, மேடும் போகிறது பள்ளமும் போகிறது, நூல் மட்டும் பின்னல் நினைப்பிலேயே நெளிநெளியாக மடியில் விழுகிறது, சிரிப்பாக இருக்கிறது, லேசாக இருக்கிறது, இத்தனை லேசாகக்கூட இருக்க முடியுமா ஒரு மத்தியான நேரம், வெளியே யாரோ துணி உதறுகிறார்கள், மாமனார் அடுத்த அறையில் ரேடியோவை மெதுவாக வைத்துக் கேட்கிறார், இன்று அவருக்குக் காப்பி கொடுக்கும்போது உட்கார்ந்துகொண்டே கொடுத்தாள், அவர் அதைக் கவனித்த மாதிரியும் இல்லை. நாற்பத்தாறில் இழுபடுவதற்கு மூன்று போனால் நாற்பத்துமூன்று, சென்டிமீட்டருக்கு இரண்டு கண்ணி, எண்பத்தாறு, எட்டில் வராது, எண்பத்தெட்டு. எண்பத்தெட்டு ஏற்று. ஒன்று, இரண்டு, மூன்று, வளருகிற தலை, கொஞ்சம் தாராளமாகவே இருக்கட்டும், பதினொன்று, பன்னிரண்டு, முக்காலியை யாருக்காவது கொடுத்துவிடலாமா, ஒரு கால் வேறு ஆடுகிறது, எதற்குக் கொடுக்க வேண்டும், அது என்ன பண்ணிற்று, முப்பது, முப்பத்தொன்று…

கதவு திறந்தது. நாத்தனார். கண்ணாடிக் கடையில் வேலை நேரத்தில் போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள், ஆகவே அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, காலையிலிருந்து ஊர் பேர் தெரியாத கண்களையெல்லாம் அளந்துகொண்டு இதை மட்டும் நினைத்துக்கொண்டிருந்திருப்பாள், முகம் அப்படி இருந்தது. பிள்ளைக்கு உருண்டை என்று பேர் வைத்தவள் அவள்தான், அட்டையில் அந்தப் புள்ளி விழுந்த நாளிலிருந்து அந்தப் பேரைச் சொல்வதை விட்டுவிட்டவளும் அவள்தான். ஒரு காலில் செருப்பு, ஒரு கால் வெறும் காலாக வாசலிலேயே நின்றுவிட்டாள், என்ன சொன்னாங்க, அப்படியே சொல்லு என்றாள்.

"உங்க வீட்டுத் தலையாம் அண்ணி. மாமாவோடது, அவரோடது, உங்களோடது, அப்படியே எறங்கியிருக்காம். எங்கிட்டேருந்து ஒண்ணும் வரலையாம்."

இவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நாத்தனார் சிரிக்கவில்லை. அவள் கண் இவளைத் தாண்டிக் கட்டிலுக்குப் போயிற்று.

"புள்ளைக்கு?"

"ஒண்ணுமில்ல அண்ணி, நல்லா இருக்கான்."

"அதை மொதல்ல சொல்லக் கூடாதாடி," என்று வாசற்படியிலேயே உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள், நிம்மதி அழுகைதான், உள்ளேயிருந்து மாமனார் என்னம்மா என்னம்மா என்று எழுந்து வந்தார். இவள் எழுந்திருக்கவில்லை. ஊசி நாற்பத்தொன்றிலா நாற்பத்துமூன்றிலா நிற்கிறது, தெரியவில்லை. அதை முதலில் சொல்லக் கூடாதா… சொல்லியிருக்கலாமே, டாக்டரம்மா அதைத்தானே முதலில் சொன்னார், நல்லா இருக்கு, பிள்ளைக்கு ஒண்ணுமில்ல என்று, இவள் முகத்தைப் பார்த்துத்தானே சொன்னார், கணவன் மேசையைப் பிடித்துக்கொண்டான், அவனுக்கு அது போதுமாக இருந்தது, அப்போது இவள் என்ன செய்தாள், அழுதாளா, இல்லை, கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள், இன்னும் ஏதோ ஒன்றைச் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டு. இவளுக்கு மூச்சு வந்தது இரண்டாவதை, அப்பா வீட்டிலிருந்து இறங்கிய தலை என்பதை, சொன்ன பிறகு.