ஹெட்டி ஹிண்டிலின் நூறு கெஜம்

ஹெட்டி ஹிண்டிலுக்குக் காது போய் இரண்டு வருஷமாகிறது. பன்னிரண்டு வயதில் பஞ்சாலைத் தறிக்கூடத்து இரைச்சலுக்குள் நுழைந்தவளுக்கு இருபத்திரண்டு வயதில் காது மிஞ்சியிருந்தால்தான் அதிசயம். அந்த இரைச்சலில் எல்லாருமே வாயை அகல அசைத்து, உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். அதனால் ஊரில் ஒருத்தியைத் தவிர யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நீச்சல் சங்கத்துக்குத் தெரிந்தால் அன்றே சீட்டுக் கிழிந்துவிடும். மாவட்டக் கோப்பைகள் மூன்றையும் அவள் ‘குதி’ என்று புறப்பாடு சொல்பவரின் உதட்டைப் பார்த்துக் குதித்துத்தான் வாங்கினாள்.

இன்று லண்டனில் நூறு கெஜத் தேர்வுப் பந்தயம். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்குக்குப் போகும் அணியில் ஒரே ஓர் இடம் மிச்சம். புறப்பாடு சொல்ல வந்த மனிதருக்கோ வாயே தெரியாத மீசை. ஹெட்டி நிமிர்ந்து பார்த்தாள்.

ரகசியம் தெரிந்த அந்த ஒருத்தி, பக்கத்துத் தறிக்காரி நெல்லி, மேல்மாடத்திலிருந்து உதட்டை அசைத்தாள்.

"பக்கத்துல நிக்கிறவ முட்டியைப் பாருடீ. அவ குதிச்சதும் குதி."

"அவ தப்பாக் குதிச்சா?"

"வாயைக் கழுவுடீ."

முட்டி மடங்கியது. ஹெட்டி பாய்ந்தாள்.

அப்படி அவள் என்றைக்கும் நீந்தியதில்லை. இரண்டு பக்கமும் தண்ணீர் காலியாக இருந்தது. எல்லாரையும் பின்னுக்குத் தள்ளிவிட்டோம் என்று பாவி மனசு பூரித்தது. கடைசிச் சுவரைத் தொட்டுச் சிரித்தபடி தலையைத் தூக்கினாள்.

மற்ற ஐந்து பேரும் கரையில் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். பக்கத்துக்காரி முந்திக் குதித்துவிட்டாள். விசில் ஊதி எல்லாரையும் திருப்பியிருக்கிறார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

பெண்களுக்கு மேற்பார்வையாக வந்திருந்த அம்மாள் குனிந்தாள். "ஏம்மா, விசில் கேக்கலையா ஒனக்கு?"

உண்மையைச் சொன்னால் இத்தோடு முடிந்தது. ஹெட்டி மூக்கில் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள். "கேட்டுச்சு மேடம். ஒடம்பு சூடாகட்டுமேன்னு சும்மா நீந்தினேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

"அப்போ மறுபடியும் பந்தயத்துல நிக்கிறியா?"

"நிக்கிறேன் மேடம்."

மூச்சு அடங்க நாலு நிமிஷம் கொடுத்தார்கள். பத்து வருஷம் தறியில் நின்ற கால்களோடு மறுபடி வரிசையில் போய் நின்றாள். இந்த முறை புறப்பாடு சரியாகவே அமைந்தது. ஐம்பது கெஜத்துக்கு மேல் கை எழும்பவில்லை. கடைசியாக வந்து சேர்ந்தாள்.

சுவரைப் பிடித்துத் தொங்கியபடி மாடத்தைப் பார்த்து உதட்டை அசைத்தாள். "மொதல்ல நீந்தினேனே, எவ்வளவு நேரம்டீ ஆச்சு?"

நெல்லிக்குக் கண்ணீரில் வாய் கோணியது. இரண்டு முறை அசைத்த பிறகுதான் ஹெட்டிக்குப் புரிந்தது.

"யாரும் கடிகாரம் பிடிக்கலடீ."