அண்ணாச்சி ஐட்டம்

ஒரு மனிதரை மேடையில் கொண்டுவர அவருடைய குரல் அவ்வளவு முக்கியமில்லை. அவர் எங்கே நிறுத்துகிறார் என்று தெரிந்தால் போதும். எந்தச் சொல்லுக்கு முன் மூச்சு வாங்குகிறார், எப்போது செருமுகிறார், கையை எங்கே வைத்துக்கொள்கிறார் என்பதைப் பிடித்துவிட்டால், குரல் பாதி பொருந்தினாலும் கூட்டம் ஆளைக் கண்டுகொள்ளும். பதினாறு வருடமாக நான் மிமிக்ரி செய்கிறேன். மேடையில் என் பெயர் கொச்சின் வீரு. வீட்டில் வைத்த பெயர் வீரபாண்டி. கொச்சியில் ஒரு தமிழனைக் கேலி செய்ய 'பாண்டி' என்றாலே போதும். அதனால் பெயரின் பின்பாதியை நானே வெட்டிவிட்டேன்.

என் தங்கை இசக்கிசெல்வியின் ரிசப்ஷன் மட்டாஞ்சேரியில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை பினு, இதே கொச்சியில் தேவரா என்ற பகுதிக்காரன், மலையாளி. களமசேரியில் இருவரும் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். நிச்சயத்தின்போது பினுவின் வீட்டார் எல்லாவற்றையும் என்னிடம்தான் பேசினார்கள். அப்பா அய்யாசாமி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முப்பத்திரண்டு வருடம் கார்ப்பரேஷனில் குப்பை அள்ளிவிட்டு ஓய்வு பெற்றவர். அவரிடம் சாயா குடிக்கிறீர்களா என்பதற்கு மேல் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அப்பா சொன்னார். "ரிசப்ஷன்ல மைக்கப் புடிச்சு நான் பேசுவேன்ல. பொண்ணப் பெத்தவன் ஊமையில்லன்னு அவங்களுக்குத் தெரியணும்."

செல்வி மலையாளத்தில் ஆறு வரி சொல்லிக் கொடுத்தாள். வந்தவர்களுக்கு வணக்கம், வராதவர்களுக்கும் நன்றி, என் மகள் இனி உங்கள் மகள், அந்த மாதிரி. பத்து நாள் அப்பா முற்றத்தில் நடந்துகொண்டே அதைச் சொல்லிப் பார்த்தார். கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடமாகிவிட்டது.

அந்தப் பேச்சை எந்த நேரத்தில் வைப்பது என்பதை நான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. ரிசப்ஷன் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால்தான் அதன் சிக்கல் புரியும். மேலே ஹாலில் அறுநூறு பேர். கீழே சாப்பாட்டு அறையில் ஒரு பந்திக்கு இருநூறு பேர். ஒரு பந்தி சாப்பிட இருபத்தைந்து நிமிடம், இலை எடுத்துப் புதுத்தாள் விரிக்க ஏழு நிமிடம். ஆக, எந்த நேரமும் பசித்த கூட்டம் ஒன்று மேலே இருந்துகொண்டிருக்கும். விட்டால் அது படியில் இறங்கி, சாப்பிடுகிறவர்களின் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்கும். அந்தக் கூட்டத்துக்குப் பசியை மறக்கடிப்பதுதான் பாட்டுக்காரர்களுக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் வேலை. சிரித்து ஓய்ந்த கூட்டம் அடுத்த ஐந்து நிமிடம் யார் பேசினாலும் காது கொடுக்கும். எத்தனையோ மேடைகளில் பார்த்திருக்கிறேன். அதனால் முதலில் என் மிமிக்ரி, பிறகு ஒரு சின்ன மியூசிக், அதைக் கேட்டதும் அப்பா எங்கிருந்தாலும் மேடைக்கு வந்துவிட வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். கூட்டத்தின் மிக நல்ல ஐந்து நிமிடத்தை அப்பாவுக்கென்று எடுத்து வைத்தேன்.

"அண்ணே, அந்த அண்ணாச்சி ஐட்டம் மட்டும் வேண்டாம்" என்று செல்வி முந்தின நாள் சொன்னாள். எனக்கே தெரியாதா என்றேன்.

என்னைப் பத்துப் பேருக்குத் தெரிய வைத்ததே அந்த ஐட்டம்தான். குப்பை எடுக்க வரும் தமிழ் அண்ணாச்சி ஒரு பிளாட் வாசலில் நிற்பார். முழங்கையால் பெல்லை அமுக்குவார். இரண்டு தடவை செருமுவார். "அதாவது சாரே" என்று தொடங்கி, அடுத்த சொல் கிடைக்காமல் நிற்பார். பிளாட்டுக்காரர்கள் கூட்டத்தில் மைக்கைக் கொடுத்தால், கைக்குட்டையை எடுத்து அதில் சுற்றிப் பிடிப்பார். எல்லாம் அப்பாவிடமிருந்து எடுத்தது. குப்பை தொட்ட கையால் அடுத்தவர் பொருளைத் தொடக்கூடாது என்று அவராகவே வைத்துக்கொண்ட மரியாதை அது. ஓய்வு பெற்ற பிறகும் சொந்த வீட்டு லைட்டைக்கூட முழங்கையால்தான் போடுவார். என் நிகழ்ச்சியை அவர் பார்த்ததில்லை. காலை நாலு மணிக்கு எழுந்த உடம்பு இன்றும் எட்டு மணிக்குத் தூங்கிவிடும். அவரிடம் இருப்பது வீடியோ வராத பட்டன் போன்.

அன்று ரயில் சத்தம், போட் ஜெட்டிக் கூச்சல், பிராட்வே கடைத்தெருவில் துணி விற்பவர் என்று அரை மணி நேரம் செய்தேன். முடிக்கப் போகும்போது சமையல் பொறுப்பிலிருந்த ஷாஜி படியருகே வந்து இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினான். இழு என்று அர்த்தம். மீன்கறி இன்னும் அடுப்பிலிருந்து இறங்கவில்லை. என்னிடம் சரக்குத் தீர்ந்திருந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்து படியைப் பார்த்தார்கள். இரண்டு பேர் எழுந்தால் இருபது பேர் எழுவார்கள்.

பினுவின் சிநேகிதன் சேவியர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். "வீரு சேட்டா, அண்ணாச்சி எடுக்கு" என்றான். நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். அப்பா கீழே பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஆறு நிமிட ஐட்டம், அவர் வருவதற்குள் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். எனக்குப் பின்னால் அலங்கார நாற்காலியில் செல்வி இருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த ஐட்டத்துக்கு அவ்வளவு சிரிப்பு வேறு எங்கும் கிடைத்ததில்லை. பினுவின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மைக்கை ஸ்டாண்டில் வைத்ததும், சவுண்டு பார்க்கும் ஷங்கர் சொல்லி வைத்தபடியே மியூசிக்கைப் போட்டான். சொல்லி வைத்தபடியே அப்பா படியேறி வந்தார்.

புது வெள்ளைச் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. ஸ்டாண்டுக்கு முன் நின்றார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மைக்கில் சுற்றினார்.

மூன்றாவது வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பியது. தனக்குப் பின்னால் மேடையில் ஏதோ குழந்தை சேட்டை செய்கிறதென்று அப்பா திரும்பிப் பார்த்தார். பிறகு இரண்டு தடவை செருமினார். ஹால் முழுக்கச் சிரித்தது. வணக்கம் சொன்னார். வராதவர்களுக்கு நன்றி சொன்னார். மூன்றாவது வரிக்கு, செல்வி சொல்லிக் கொடுத்ததில் இல்லாத "அதாவது" வந்துவிட்டது. அங்கே நின்றார். எங்கே நிற்பார் என்று நான் காட்டியிருந்தேனோ அங்கேயே. கைதட்டினார்கள். சேவியர் விசிலடித்துவிட்டுப் பக்கத்திலிருந்தவனிடம் கேட்டது மேடை வரைக்கும் கேட்டது. "எடா, இது ஒரிஜினலா?"

அப்பா என்னைப் பார்த்தார். நாற்பது வருடமாக இந்த ஊரில் இருப்பவர். எந்தச் சிரிப்பு எதற்கு என்று அவருக்குத் தெரியும். கைக்குட்டையோடு மைக்கை என்னிடம் நீட்டினார்.

"மிச்சத்த நீ சொல்லிருல வீரா. என்னய விட நீதான் நல்லா பேசுற."

மைக் ஆனில்தான் இருந்தது. அதற்கும் சிரித்தார்கள்.

மிச்சமிருந்த நாலு வரியை நான் சொன்னேன். என் மகள் இனி உங்கள் மகள் என்பதைக்கூட, மாற்ற வேண்டும் என்று தோன்றாமல் அப்படியே சொன்னேன். யாரும் கேட்கவில்லை. ஷாஜி அடுத்த பந்திக்குக் கதவைத் திறந்துவிட்டிருந்தான். எல்லோரும் ஒன்றாக எழுந்து படியை நோக்கிப் போனார்கள். செல்வி மடியிலிருந்த பூச்செண்டின் இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

 

நாலாம் நாள் பினு வீட்டில் விருந்து. மூன்றாவது மாடி. கதவுக்கு முன்னால் அப்பாதான் முதலில் நின்றார். அவருடைய வலது முழங்கை பெல்லை நோக்கி எழுந்து, பாதியில் நின்றது. கையை இறக்கி, உள்ளங்கையையும் புறங்கையையும் திருப்பிப் பார்த்தார்.

"நீ அமுக்குல" என்றார்.

விரலால் அமுக்கினேன். உள்ளே யாரோ நடந்து வரும் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா ஓரடி பின்னால் போய் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.