அரசப்பன் போட்ட மேடை

கூட்டம் என்றாலே கங்கம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலு பேர் உட்கார்ந்து, வேண்டியதைச் சொல்லி, ஒரு முடிவு செய்துவிட்டு எழுந்து போவதுதான் கூட்டம் என்று அவள் நினைத்திருந்தாள். குமாஸ்தா அரசப்பன் வந்த பிறகுதான், கூட்டத்துக்கு மேடை வேண்டும், மாலை வேண்டும், சோடா வேண்டும், தலைவரை ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிய வேண்டும் என்பதெல்லாம் கவரைப்பேட்டை அரிசி ஆலைக்குத் தெரியவந்தது. தலைமைப் பதவிக்கு என்னவோ பலத்த போட்டி இருக்கிற மாதிரி! ஆலையே அப்துல் ரவூப் சாயபுவுடையது. அவரை விட்டால் அந்த நாற்காலியில் வேறு யார் உட்காரப் போகிறார்கள்?

சாயபுவுக்குச் சென்னை மண்ணடியில் வியாபாரம். மாதத்தில் ஒரு நாள் மூன்றரை மணி ரயிலில் வருவார். ஐந்து மணி வண்டியில் திரும்பிவிடுவார். யாருக்கு என்ன குறை இருந்தாலும் அதற்குள் சொல்லியாக வேண்டும்.

களத்துப் பெண்களுக்கெல்லாம் கங்கம்மாதான் தலைவி. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு குறை. இஞ்சினிலிருந்து அரவை மெஷினுக்குப் போகிற பெல்ட்டுக்கு மறைப்பு கிடையாது. பெல்ட்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்தில்தான் பெண்கள் நெல் கூடையைச் சுமந்து போக வேண்டும். ஆடி மாதம் அவளுடைய தங்கை மகள் செண்பகத்தின் முந்தானையைப் பெல்ட்டு கவ்வி இழுத்துவிட்டது. நைந்த புடவை, சட்டென்று கிழிந்ததால் பெண் பிழைத்தாள். புதுப் புடவையாக இருந்திருந்தால்? “நல்லவேளை, உங்க ஊட்ல புதுப்பொடவை இல்லை” என்று சொல்லிச் சிரித்தான் அரசப்பன். அந்தச் சிரிப்பை அவள் மறக்கவே இல்லை.

சாயபுவைக் குறை சொல்லக்கூடாது. விஷயம் காதில் விழுந்த வாரமே மறைப்பு அடிப்பதற்காகப் பன்னிரண்டு மாம்பலகை வாங்கி அனுப்பிவிட்டார். தச்சர் ஆதிகேசவனும் ஆரம்பாக்கத்திலிருந்து சுத்தியலோடு வந்து சேர்ந்தார். அரசப்பன் பலகைகளைப் பார்த்தான். மறைப்பு எங்கே ஓடிப்போகிறது? மேடையில்லாமல் முதலாளியைத் தரையில் உட்காரவைத்தால் ஆலைக்கு என்ன கௌரவம்? பன்னிரண்டு பலகையும் மேடையாகிவிட்டது. பெண்கள் கேட்டபோது, பெல்ட்டு மறைப்பைக் கூட்டத்தின் ஆறாவது விஷயமாகச் சேர்த்திருப்பதாகச் சொன்னான். ஆவணி மாதக் கூட்டம் இரண்டாவது விஷயத்தைத் தாண்டவில்லை.

இப்போது புரட்டாசிக் கூட்டம். இஞ்சினை நிறுத்திவிட்டு எல்லோரையும் களத்தில் உட்காரவைத்திருந்தார்கள். மேடையைக் கவனித்துக்கொள்ள வந்த தச்சரும் சுத்தியலோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலைந்ததும் இஞ்சின் மறுபடி ஓடும். செண்பகம் கூடையோடு அந்தச் சந்துக்குள் போக வேண்டும். கங்கம்மா அவளைப் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டாள்.

“பொன் விளையும் பூமியிலே, புகை கக்கும் ஆலையிலே, புன்னகை பூத்து வந்திருக்கும் புரவலர் பெருமானே!” என்று ஆரம்பித்தான் அரசப்பன். உமியும் தவிடும் பறக்கிற களத்தில் புன்னகை எங்கே பூத்தது என்று கங்கம்மா சுற்றிப் பார்த்தாள். சாயபு கழுத்து கொள்ளாத சாமந்தி மாலைக்குள் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

முதல் விஷயம், போன கூட்டத்தின் குறிப்பை வாசிப்பது. போன கூட்டத்தில் பேசிய வரவேற்புரையை ஒரு வார்த்தை விடாமல் எழுதிவைத்திருந்தான் அரசப்பன். அதே வரவேற்பை இன்னொரு முறை எல்லோரும் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். இரண்டாவது விஷயம் கேட்டுத்தான் கங்கம்மாவுக்குத் தலை சுற்றியது: கூட்டங்களைச் சுருக்கமாகவும் மரியாதையாகவும் நடத்துவது எப்படி? அதைப் பற்றி அரசப்பன் முப்பது நிமிஷம் பேசினான். நடுவே இரண்டு சோடா குடித்தான். பேச நினைப்பவர்கள் கையைத் தூக்க வேண்டும், தலைவரை விளிக்க வேண்டும், முறை வரும்வரை வாய் திறக்கக்கூடாது, வளவளவென்று பேசவே கூடாது. கடைசிச் சட்டத்தை மட்டும் மூன்று விதமாக விளக்கினான்.

கங்கம்மா கையைத் தூக்கினாள்.

“முறை வரும்மா, முறை வரும்” என்று கையைக் கீழே அமர்த்திக் காட்டினான். அவள் தாழ்த்தவில்லை. நாளெல்லாம் தலைக்கு மேல் கூடை பிடிக்கிற கை அது. அதற்கு வலிக்காது.

மணி நாலே முக்கால். அரசப்பன் கடிகாரத்தைப் பார்த்தான். “காலத்தின் அருமை கருதி மற்ற விஷயங்கள் அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கப்படுகின்றன” என்று அறிவித்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து நன்றியுரை வாசிக்கத் தொடங்கினான். மாலை கட்டியவருக்கு நன்றி. சோடா வாங்கி வந்தவருக்கு நன்றி. முதலாளியைச் சரியான நேரத்தில் கொண்டுவந்து இறக்கிய ரயிலுக்கும் நன்றி. தூரத்தில் இஞ்சின்காரன் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினான். செண்பகம் சும்மாட்டைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

கங்கம்மாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எழுந்து மேடைக்கு முன்னால் போய் நின்று கும்பிட்டாள்.

“மொதலாளி, நடுவுல பேசறதுக்கு மன்னிச்சுக்கங்க. பெல்ட்டுக்கு இன்னும் மறைப்பு அடிக்கலை. நீங்க அனுப்பிச்ச பலகை மேலதான் நீங்க குந்திக்கினு கீறீங்க. தச்சரும் இங்கியே கீறாரு. இப்பவே பிரிச்சி அடிக்கச் சொல்லுங்க. அடிக்கிற வரைக்கும் மெஷினு ஓட வாணாம். அவ்ளோதான்.”

இதைச் சொல்ல அவளுக்கு ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

“இந்தாம்மா! இன்னா இது? முறைப்படி அது ஆறாவது விஷயம்!” என்று அரசப்பன் கத்தினான். சாயபு அவன் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்து காலடியைப் பார்த்தார். நாற்காலியை விட்டு எழுந்து தரையில் இறங்கினார்.

“ஆதிகேசவன், பிரிச்சிடுங்க” என்றார். ஆதிகேசவன் சுத்தியலோடு ஓடி வந்தார்.

சாயபுவுக்கு முகம் சிவந்திருந்தது. அவமானம்தான். ஆனாலும் முதலாளி அல்லவா, பழியை யார் தலையிலாவது இறக்கிவைக்க வேண்டுமே!

“ஏம்மா கங்கம்மா, ஒரு உசுரு சமாச்சாரம். மறைப்பு அடிக்கலைன்னு அப்பவே எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?”

“போன மாசமும் கையைத் தூக்கிக்கினுதான் இருந்தேன் மொதலாளி” என்றாள் கங்கம்மா. “நீங்கதான் மாலைக்குள்ள கண்ணை மூடிக்கினு கேட்டுக்கினு இருந்தீங்க.”

சாயபு மாலையைக் கழற்றினார். ஸ்டேஷனில் ஐந்து மணி வண்டி வந்து, நின்று, ஊதிவிட்டுக் கிளம்பியது. அவர் போகவில்லை. ஆதிகேசவன் முதல் பலகையைப் பெயர்த்ததும், அதன் மறுமுனையைத் தானே பிடித்துத் தூக்கினார்.