ஏரிக்குக் குறிப்பெழுத்தர் வேலை

கரைமேட்டு ஏரி ஒவ்வொரு தையிலும் தெரு மாறும். வரும் ஆண்டு எந்தத் தெருவில் தங்குவது என்பதைப் பதினோரு பேர் கொண்ட குழு முடிவு செய்யும். பதினோரு பேரும் மனதாரச் சம்மதிக்க வேண்டும். ஒருவர் உதட்டைப் பிதுக்கினாலும் மறுபடி முதலிலிருந்து பேச வேண்டியதுதான். ஓட்டெடுப்பு கிடையாது. ஓட்டெடுத்தால் தோற்ற தெருக்காரர்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு குளிக்க வரமாட்டார்கள், ஏரிக்கும் மனசு கேட்காது.

குழுவுக்குக் குறிப்பெழுதுபவள் தமயந்தி. உறுப்பினர்களுக்கு ஆசை இருக்கலாம், அதற்காகத்தான் அவர்கள் உறுப்பினர்கள். ஊழியர்களுக்குக் கூடாது. தினமும் காலையில் அலுவலக வாசலில் காவலர் அய்யாக்கண்ணு, கொத்தனார்கள் வைத்திருக்கிற ரசமட்டத்தை ஒவ்வொரு ஊழியரின் தோள்களுக்கும் குறுக்காக வைத்துப் பார்ப்பார். குமிழி நடுவில் நின்றால் உள்ளே போகலாம். ஆசை எந்தப் பக்கமோ அந்தப் பக்கத் தோள் இறங்கிவிடும்.

பத்தொன்பது வருடமாகத் தமயந்தியின் குமிழி அசைந்ததில்லை. அது சும்மா வந்த பெயரல்ல. வீட்டில் தோசையா இட்லியா என்று கேட்டால்கூட, "எதுவானாலும் சரி" என்றே சொல்லிப் பழகியிருந்தாள். பெண் பார்க்க வந்தபோதும் அதையேதான் சொன்னாள். நல்லவேளை, வந்தவர் தங்கமான மனிதர்.

அந்த மார்கழியில் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது, தன்னுடைய கிடங்குத் தெருவுக்கு ஏரி வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துவிட்டாள். வாசற்படியில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, ஒரு டம்ளர் காபி. அவ்வளவுதான். வந்தது வினை. தோள் இறங்கிவிட்டது. அவள் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் கிடங்குத் தெரு இருக்கிற பக்கமாகவே இறங்கியது.

மறுநாள் ஒரு பையில் அம்மிக் குழவியைப் போட்டு மற்றத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். குமிழி நடுவில் நின்றது. மூன்று நாள் அப்படியே ஓட்டினாள். நான்காம் நாள் நேரமாகிவிட்ட பதற்றத்தில், சோதனை முடிந்ததும் பையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

அவள் சாய்ந்து உட்கார்ந்ததில் மேசை சாய்ந்தது. மேசையிலிருந்த டம்ளர்கள் கிடங்குத் தெருப் பக்கம் நகர்ந்தன. பேச்சும் அந்தப் பக்கமே சரிந்தது. அரை மணி நேரத்தில் பதினோரு பேரும் கிடங்குத் தெருவுக்குச் சம்மதித்துவிட்டார்கள். அப்போதுதான் அய்யாக்கண்ணு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"தமயந்திம்மா, பைய வாசல்லயே வச்சிட்டு வந்துட்டீங்களே. உள்ள என்ன, அம்மிக் குழவியா?"

"ஆமாண்ணே."

அவர் எல்லார் முன்னிலையிலும் மட்டத்தை அவள் தோளில் வைத்தார். குமிழி ஒரு ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

"மனசுல என்னம்மா இருக்கு?" என்றார் தலைவர் சேதுராயர்.

"எங்க தெருவுக்கு ஏரி வரணும்யா. பத்தொம்போது வருசமா எதையும் கேட்டதில்ல. இத மட்டும் கேக்கணும்போல இருக்கு."

சொன்னதும் தனக்கு அழுகை வரும் என்று நினைத்தாள். சிரிப்புத்தான் வந்தது. சாய்ந்த ஊழியர் எழுதிய முடிவு செல்லாது என்பதால் முடிவு ரத்தானது. அவள் வேலையும் போயிற்று.

புதிதாக எழுத, சாயாத ஆள் வேண்டும். டீ போடுகிறவர் கடைத்தெருப் பக்கம் சாய்ந்திருந்தார். அய்யாக்கண்ணு தன் தோளிலேயே வைத்துப் பார்த்தார்; மாமியார் வீட்டுத் தெருவுக்கு நேர் எதிர்ப்பக்கம் காட்டியது. கடைசியில் ஏரிக்கே போய்த் தண்ணீர்மேல் மட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் நின்றது, இம்மியும் அசையவில்லை. அன்று மாலையே ஏரிக்கு வேலை உத்தரவு போனது.

மறுநாள் ஏரி வந்து தமயந்தியின் நாற்காலியில் உட்கார்ந்தது. உறுப்பினர்கள் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார்கள். தமயந்தி இப்போது ஊழியர் இல்லை, தெருவாசி. தெருவாசிகளுக்குப் பேச மூன்று நிமிடம் உண்டு. அவள் நாற்பது நிமிடம் பேசினாள். வாசற்படி, காபி, கால் நனைவது என்று ஒன்றையும் விடவில்லை.

பத்துப் பேர் தலையாட்டினார்கள். மணிக்கூண்டுத் தெரு விசாலாட்சி மட்டும் உதட்டைப் பிதுக்கினார். ஏரி அந்த ஆண்டு அவர் தெருவில்தான் இருந்தது.

"எங்க தெருப் புள்ளைங்க இப்பதான் நீச்சல் கத்துக்கிதுங்க. பாதியில விட்டா எப்படி?"

"எங்க வீட்டுக்கு அனுப்புங்கக்கா. துண்டு நான் தரேன்."

"தல தொவட்டி விடுவியா?"

"பவுடரும் போட்டு விடுறேன்."

விசாலாட்சி சம்மதித்தார். ஏரி அதை ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் எழுதியது. தாள் மட்டும் கொஞ்சம் ஊறிவிட்டது. எந்தத் தெரு பிடிக்கும் என்று ஏரியை யாரும் கேட்கவில்லை. அது ஊழியர்.

தை முதல் தேதி தமயந்தி கதவைத் திறந்தபோது ஏரி வாசற்படி வரை வந்திருந்தது. காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு ஒரு டம்ளருக்கு இரண்டு டம்ளர் காபி குடித்தாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். ஒன்பதரைக்கு ஏரி ஆபீசுக்குக் கிளம்பியது. அங்கே கூட்டிப்போக அனுமதி இல்லாததால் மீன்களை அவளிடம் விட்டுவிட்டு, ஐந்தரைக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிப் போனது.

பதினொரு மணிவாக்கில் கூடத்து ஊஞ்சலில் யார் முதலில் ஆடுவது என்று கெண்டைக்கும் விராலுக்கும் சண்டை வந்தது. தமயந்தி யோசிக்கவே இல்லை.

"விரால் மேலதான் தப்பு!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். பிறகு கெண்டையைத் தூக்கி உட்காரவைத்து, ஊஞ்சலை நன்றாக வீசி ஆட்டிவிட்டாள்.