அந்த கிரீமைக் கலந்தவள்

சனிக்கிழமை காலையில் ஆஸ்டின் டவுனின் அந்த பியூட்டி பார்லர் ஷட்டரைத் தூக்குவதற்குள் வாசலில் நாலைந்து பெண்கள் வந்து நின்றுவிடுவார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "சோனியா இருக்காளா?" புருவம் திருத்துவதானாலும் கல்யாண அலங்காரமானாலும் அவள் கைதான் வேண்டும். இருபத்தோரு வயது. நீலசந்திராவில் ஒற்றை அறை வீடு. அப்பா இல்லை. அம்மா பாஞ்சாலி ஓர் ஐ.டி. கம்பெனியில் தரை துடைத்து வளர்த்த பெண்.

அவளைக் கண்டெடுத்தவள் பார்லர் முதலாளி ஜெயலக்ஷ்மி. ஒரு காலேஜ் விழாவில் சோனியா தோழிகளுக்கு மேக்கப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து, "உன் கையில ஏதோ இருக்கும்மா. என்கிட்ட வா, உன்னை ஆளாக்கறேன்" என்றாள். சொன்னபடியே செய்தாள். எந்த நிறத்துக்கு எது பொருந்தும், மண்டப வெக்கையிலும் கலையாமல் எப்படிப் பூசுவது என்று ஒன்றையும் ஒளிக்காமல் கற்றுக்கொடுத்தாள். வருகிறவர்களிடமெல்லாம், "எனக்கப்புறம் இந்தக் கடை இவளுக்குத்தான்" என்றாள். சோனியாவுக்கு அது தலைக்கேறியது. மேடம் வாயால் ஒரு 'சபாஷ்' வாங்க அவள் எதையும் செய்வாள்.

அது ஜெயலக்ஷ்மிக்கும் தெரிந்திருந்தது.

முதல் பாடம் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாதது. "கஸ்டமர் வந்து உக்காந்ததும் அவ முகத்துல ஒரு இடத்தையே கொஞ்ச நேரம் பாரு. ஒண்ணும் சொல்லாதே. என்னாச்சுன்னு அவளே கேப்பா."

"பொய் சொல்ற மாதிரி இருக்கே மேடம்?"

"நீ எங்க பொய் சொன்னே? பார்த்தே, அவ்ளோதானே!"

சோனியா பார்த்தாள். கேட்டார்கள். அடுத்த மாதம் பார்வையோடு பேச்சும் சேர்ந்தது. "ஏன்க்கா, ஸ்கின் இவ்ளோ டல்லாயிடுச்சு?" சிரித்துக்கொண்டே வந்தவர்கள் கண்ணாடியைப் பார்த்து வாடிப்போனார்கள். வாடியவர்கள் எதையும் வாங்கினார்கள். கூடப் படித்த தோழி ஒருத்தி, "முன்ன மாதிரி நீ இல்லடி, பேச்சே மாறிப்போச்சு" என்றபோது சோனியா அதை மேடத்திடம் போய்ச் சொன்னாள். "நீ மேல போறே இல்ல, வயித்தெரிச்சல். விட்டுத் தள்ளு" என்றாள் ஜெயலக்ஷ்மி. சோனியா அந்தத் தோழியை விட்டேவிட்டாள்.

அதன் பிறகுதான் பின்னறைக் கதவு திறந்தது. மெடிக்கல் ஷாப் ட்யூப்களைப் பிதுக்கி, வாசனைக் களிம்போடு குழைத்து, பேரில்லாத வெள்ளை டப்பாக்களில் அடைக்கிற இடம் அது. ட்யூபின் மேல், டாக்டர் சொல்லாமல் போடக்கூடாது என்று எழுதியிருந்தது. சோனியா காட்டினாள்.

"அதெல்லாம் கம்பெனிக்காரன் பயந்துகிட்டு சும்மா போடறது. ஒரே வாரத்துல முகம் பளிச்னு ஆகுதா இல்லையா? இந்த வேலைக்கு உன் ஒருத்தி கையைத்தான் நான் நம்பறேன்."

நம்புகிறேன் என்ற சொல்லுக்கு முன்னால் சோனியாவின் கேள்வி நிற்கவில்லை. அன்றிலிருந்து அவளே கலந்தாள்.

ஒரு நாள் பாஞ்சாலி மத்தியானச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பார்லருக்கு வந்தாள். பழக்கதோஷத்தில் சோனியாவின் கண் அம்மாவின் கன்னத்தில் போய் நின்றது. "முகம் என்னம்மா இப்படிக் கறுத்துப்போச்சு?" கஸ்டமரிடம் பேசுகிற அதே குரல்.

பாஞ்சாலி முந்தானையால் கன்னத்தைத் துடைத்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டாள். "எனக்கும் அந்த கிரீம் கொஞ்சம் தரியா கண்ணு?"

"உனக்கு வேணாம்மா!"

வெடுக்கென்று வந்துவிட்டது. அம்மாவுக்கு வேண்டாம் என்றால் மற்றவர்களுக்கு மட்டும் ஏன்? பதில் அவளுக்குத் தெரியும். ஆனால் அதற்குள் உள்ளேயிருந்து மேடம் கூப்பிட்டாள். போய்விட்டாள்.

பார்கவி வந்தது அதற்குப் பிறகு. ஹெப்பகோடியில் ஒரு ஃபேக்டரியில் வேலை பார்க்கிற பெண். நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டில் யாரோ, பெண் கொஞ்சம் கலர் கம்மி என்று முணுமுணுத்தது காதில் விழுந்து, அந்த வேதனையோடு வந்தவள். சோனியா அவள் நெற்றியைப் பார்த்தாள். டப்பாவைக் கொடுத்தாள். முதல் மாதம் பார்கவி ஸ்வீட் பாக்ஸோடு வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அப்புறமும் டப்பா வாங்கிப் போனாள்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில், துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே வந்தாள். துணியை விலக்கினாள். சோபாவில் காத்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். கன்னமெல்லாம் சிவந்து, தோல் வெங்காயச் சருகு போல மெலிந்து, உள்ளே நரம்பு தெரிந்தது.

"அக்னி மாதிரி எரியுது சோனியா. தண்ணி பட்டாக்கூடத் தாங்கல."

ஜெயலக்ஷ்மி ஓடி வந்தாள். "வெயில்ல சுத்துனியா? கண்டதைச் சாப்பிட்டியா? அழுக்கெல்லாம் வெளியே வருது, அவ்ளோதான். இதைவிட ஸ்ட்ராங்கா ஒண்ணு தரேன்."

சோனியாவைப் பின்னறைக்குத் தள்ளிக்கொண்டு போனவளின் குரல் மாறியது. "இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி போட்டுக் கலந்து குடு."

"டாக்டர்கிட்ட அனுப்பலாம் மேடம்."

"அனுப்பு. யார் கலந்தான்னு கேப்பாங்க. என் கைல இதுவரைக்கும் ஒரு டப்பா பட்டிருக்கா? எல்லாம் உன் கை. ஜெயிலுக்குப் போறவ நீதான். உங்கம்மா தாங்குவாளா?" பிறகு, எதுவுமே நடக்காததுபோல் அவள் தலையைத் தடவினாள். "நான் இருக்கேன் இல்ல, பயப்படாதே."

அந்தத் தடவலில்தான் சோனியாவுக்கு எல்லாம் விளங்கியது. இத்தனை நாள் கிடைத்த பாராட்டு, பாசம், 'உன் கையைத்தான் நம்பறேன்' எல்லாமே இந்த ஒரு நாளுக்காகக் கட்டிய கயிறு. மேடம் மிரட்டுவது அந்த ரகசியத்தை வைத்துத்தானே? ரகசியமே இல்லையென்றால்?

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். சோபாவிலிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அக்கா, யாரும் அந்த வெள்ளை டப்பாவைத் தொடாதீங்க. அதுல இருக்கறது ஸ்டீராய்டு மருந்து. டாக்டர் சொல்லாம போடவே கூடாது. எனக்கு எப்படித் தெரியும்னா, கலந்தவ நான்தான்."

"பைத்தியமாடி உனக்கு!" ஜெயலக்ஷ்மி கத்தினாள். "தெருவுல கெடந்தவளைக் கூட்டிட்டு வந்து ஆளாக்கினேனே!"

"தொழில் கத்துக் குடுத்தீங்க மேடம். அதை மறக்க மாட்டேன். ஆனா இதையும் நீங்கதான் கத்துக் குடுத்தீங்க." சோனியா பார்கவியின் கையைப் பிடித்தாள். "பார்கவிக்கா, வாங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

வாங்கிய டப்பாவைக் கைப்பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள் ஒருத்தி. இன்னொருத்தியும் வைத்தாள்.

அரசு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் மௌரீன், பார்கவியின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். ஆறிவிடும், ஆனால் மாதக்கணக்காகும், மேக்கப்பே கூடாது என்றார். எங்கே வாங்கியது என்று கேட்டபோது சோனியா ஒன்றையும் மறைக்கவில்லை. டாக்டர் அவளைக் கடுமையாகத் திட்டினார். பிறகு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளிடம் புகார் கொடுக்க அவரே கூட வந்தார். அதிகாரிகள் வந்து பின்னறைக்குச் சீல் வைத்தார்கள். வழக்கு ஜெயலக்ஷ்மி மேல் பாய்ந்தது. தானே வந்து உண்மையைச் சொன்னதால் சோனியாவைச் சாட்சியாக்கினார்கள்; அவள் பலமுறை போய் வாக்குமூலம் கொடுத்தாள். கிரீம் வாங்கியவர்கள் வீட்டுக்கெல்லாம் நேரில் போய்ச் சொன்னாள். சிலர் வாசலிலேயே ஏசினார்கள். கேட்டுக்கொண்டாள். எந்தப் பார்லரும் அவளை வேலைக்கு வைக்கவில்லை. பாஞ்சாலி மட்டும், "உண்மையைச் சொன்னே இல்ல, அது போதும். சோறு நான் போடறேன்" என்றாள்.

கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள். மாப்பிள்ளை தினேஷ், "அவ முகம் ஆறட்டும், நான் எங்கயும் ஓடிப்போகல" என்று தன் வீட்டாரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். முகம் ஆறியது. பழைய நிறம் திரும்பியது. தேதி குறித்ததும் பார்கவி நேராக நீலசந்திராவுக்கு வந்து நின்றாள்.

"எனக்கு நீதான் அலங்காரம் பண்ணணும்."

"நானா? நான் உங்களுக்குச் செஞ்சதை மறந்துட்டீங்களாக்கா?"

"மறக்கல. அத்தனை பேர் முன்னால நீ நின்னு பேசினதையும் மறக்கல."

கல்யாண நாளில் சோனியா அவள் நிறத்தோடு ஒட்டிய பூச்சைத் தேர்ந்தெடுத்தாள். ஒரு இழைகூட வெளுக்கவில்லை. கண்ணுக்கு ஆழமாக மை, நெற்றியில் குங்குமம், அரக்குப் பட்டு. பார்கவி மேடையேறியபோது மண்டபமே கலகலத்தது. தினேஷ் கண்ணை எடுக்கவில்லை.

மாப்பிள்ளையின் அத்தை மட்டும் சோனியாவிடம் வந்து குனிந்தாள். "நல்லாத்தான் இருக்கு. இருந்தாலும் பொண்ணைக் கொஞ்சம் கலரா காட்டியிருக்கலாமேம்மா?"

சோனியா எழுந்து நின்றாள். "அவங்க கலரே இதுதான் ஆன்ட்டி. இதுல ஒரு குறையும் இல்ல. குறை இருக்குன்னு சொல்லிச் சொல்லி நம்மள அழவச்சு விக்கறாங்களே, அவங்ககிட்டதான் குறை. நானும் வித்தவதான், அதனால சொல்றேன். ஒருத்தர் நமக்குத் தொழில் கத்துக் குடுத்தா காலம் பூரா நன்றியோட இருக்கலாம். ஆனா அதுக்காக மனசாட்சியை எடுத்து அவங்க கையில குடுத்துடக் கூடாது."

அத்தை, மேடையில் சிரித்துக்கொண்டிருந்த பார்கவியை நெடுநேரம் பார்த்தாள். பிறகு சோனியாவின் பக்கம் திரும்பினாள்.

"எம் பொண்ணுக்கு அடுத்த மாசம் கல்யாணம். அவ பார்கவியைவிடக் கறுப்பு. அவ கலர்லயே இப்படிப் பண்ணிவிடுவியா?"

"ஜம்முனு பண்ணிடலாம் ஆன்ட்டி" என்றாள் சோனியா.