லிஃப்டுக்குள் எடை மெஷின்

இயற்பியல் ஆசிரியர் வேலையை விட்டுப் போனார். போனவர் போனவர்தான், அவர் இடத்துக்கு வேறு ஆள் வரவில்லை. மற்ற பிள்ளைகள் இதுதான் சாக்கென்று வேறு பிரிவுக்குத் தாவிவிட்டார்கள். குச்சி மட்டும் அசையவில்லை. ஒல்லியாக இருக்கிறாளென்று அத்தை வைத்த பெயர் அது, அப்படியே ஒட்டிக்கொண்டது. "நானே படிச்சுக்குறேன் டீச்சர்" என்று தலைமையாசிரியையிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டாள். அந்த அம்மாவும் லேசுப்பட்டவரா என்ன? "படி. டெர்ம் முடிவுல நானே கூப்பிட்டுக் கேப்பேன். ஒப்பிக்கிற கதையெல்லாம் நடக்காது. புரிஞ்சு சொன்னா இரு, இல்லேன்னா பிரிவு மாறிக்கோ" என்றார்.

நாளைக்கு அந்தக் கேள்வி நாள். குச்சியோ ஒரே பக்கத்தில் முட்டிக்கொண்டு கிடந்தாள். லிஃப்ட் மேலே கிளம்பும்போது உள்ளே நிற்பவரின் எடை கூடுதலாகக் காட்டுமாம், நடுவில் சீராகப் போகும்போது பழையபடி ஆகிவிடுமாம், நிற்கப்போகும்போது குறையுமாம். அதெப்படி? மேலே தூக்கிக்கொண்டு போகிறவரைக்கும் கூடத்தானே வேண்டும்? புத்தகம் எழுதிய புண்ணியவான் 'இது எளிதில் விளங்கும்' என்று வேறு எழுதிவைத்திருந்தார். யாருக்கு? அவருக்கு விளங்கும்!

பாத்திரம் கழுவுகிற சாக்கில் அவள் அழுது மூக்கை உறிஞ்சுவது அத்தை காதில் விழுந்தது.

"அதுல இருக்கறத அப்படியே சொல்லிட்டு வாயேன்டி."

"ஏன்னு கேப்பாங்களே அத்தை. நானே நம்பாததை எப்படிச் சொல்றது? ஒரு எடை மெஷின் இருந்தா நம்ம அப்பார்ட்மென்ட் லிஃப்ட்லயே பாத்துடலாம்."

இந்த இடத்தில் அத்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பாவுக்கு அக்கா; மருந்துக்கடையில் வேலை. அந்தக் கடை வாசலில் இருக்கும் எடை மெஷினைக் கண்டால் பாம்பைக் கண்டதுபோல் ஒதுங்கிப் போவாள். டாக்டர் ஏறி நிற்கச் சொன்னால், "போன மாசம்தான் பார்த்தேன்" என்று வாய் கூசாமல் புளுகுவாள். நாலாம் மாடித் தையற்கார அக்கா அளவு நாடாவை எடுத்தாலே போதும், அத்தைக்குத் திடீரென்று அவசர வேலை வந்துவிடும்.

அப்பேர்ப்பட்ட அத்தை எழுந்து தன் அறைக்குப் போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய துணியில் சுற்றிய ஒரு மெஷினை இழுத்து வெளியே எடுத்தாள்.

குச்சி வாயைப் பிளந்தாள்.

"மூச்சு விட்ட, பல்லு இருக்காது" என்றாள் அத்தை.

மெஷினை லிஃப்டுக்குள் கொண்டுபோய் வைத்ததும் முதலில் குச்சிதான் ஏறி நின்றாள். ஆனால் முள்ளைப் பார்க்கக் குனிந்தால் முள் ஆடியது. நிமிர்ந்தால் முள் தெரியவில்லை. லிஃப்ட் ஆட்டுகிறதா, தான் ஆடுகிறோமா என்பதே பிடிபடவில்லை. அத்தையை நிற்கச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. கேட்கத் துணிவில்லை.

"நகரு" என்றாள் அத்தை. "நான் நிக்கிறேன். நீ உக்காந்து முள்ளைப் பாரு."

அந்த எண்ணை நான் சொல்வேன் என்று காத்திருக்காதீர்கள். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்கிற புத்தி எனக்கில்லை.

மேலே போகும்போது குச்சி பதற்றத்தில் முள்ளைச் சரியாகப் பார்க்கவில்லை. திரும்பி இறங்கலாம் என்றால், நாலாம் மாடியில் கதவு திறந்தது. சாட்சாத் அந்தத் தையற்கார அக்காவேதான்! உள்ளே வந்தார், மெஷினைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். முள் காட்டிய எண்ணைப் படிக்க வாயெடுத்த குச்சி சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். அத்தையின் முகம் வியர்த்துவிட்டது. இறங்கிவிடுவாள் என்றே குச்சி நினைத்தாள்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றாள் அத்தை, நேரே கதவைப் பார்த்தபடி. "படிடி. சத்தமாப் படி."

குச்சி படித்தாள். லிஃப்ட் இறங்கத் தொடங்கியதும் முள் விறுவிறுவென்று குறைந்தது. நடுவில் பழைய எண்ணுக்கே வந்து நின்றது. தரைத் தளத்தில் நிற்கப்போகும்போது ஒரே ஏற்றமாக ஏறி, மறுபடி அடங்கியது.

"கெளம்பும்போது தரையே காலுக்கடியில நழுவுற மாதிரி இருந்துச்சுடி" என்றாள் அத்தை.

"அதான் அத்தை! தரை உங்களை எவ்வளவு தாங்குதோ அதைத்தான் மெஷின் காட்டுது! வேகமாப் போறதுல ஒண்ணுமில்ல, வேகம் மாறுதே, அப்பத்தான் முள்ளும் மாறுது!"

"என்னமோ மாறட்டும். எனக்குக் குறைஞ்சுதா இல்லையா?"

தையற்கார அக்கா சிரிப்பார் என்று பார்த்தால், "இன்னொரு தடவை போலாமா? நான் பட்டனை அமுக்குறேன்" என்றார். மூவரும் மேலும் கீழும் போய்வந்தார்கள். ஒவ்வொரு முறையும் குச்சி எண்ணை உரக்கப் படித்தாள். அத்தை சிலையாக நின்றாள். இந்த உலகத்தில் தனக்காக இதைவிடப் பெரிய காரியம் யாரும் செய்ததில்லை என்று குச்சிக்குத் தோன்றியது, அது உண்மையும்கூட.

மறுநாள் தலைமையாசிரியை சொல்லிவைத்தாற்போல் லிஃப்டையே கேட்டார். குச்சி பலகையில் ஓர் ஆளை வரைந்தாள்.

"எத்தனை கிலோ?"

"ஐம்பதுன்னு வச்சுக்கலாம் டீச்சர்" என்றாள், நன்றியோடு.

ஏன், எதற்கு என்று அவர் குடைந்தார். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. கடைசியில் அவர் பேனாவை மூடினார். "இதே பிரிவுல இரு. நிஜமாவே நீயாத்தான் படிச்சியா?"

ஆமாம் என்று சொல்லத்தான் இத்தனை நாளும் ஆசைப்பட்டிருந்தாள்.

"இல்ல டீச்சர். எங்க அத்தை இருந்தாங்க."

"அவங்க இயற்பியல் படிச்சவங்களா?"

"இல்ல டீச்சர்" என்றாள் குச்சி. கண் கலங்கிவிட்டது. "எனக்காக நின்னாங்க."